கரண்டைக்கு மேலே

காரியாபட்டிப் பக்கம் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வளர்ந்தவர்களுக்கு ஊர் ஆண்களின் கால்கள் அவர்கள் முகங்களைப் போலவே பழக்கம். கைலியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டி நிற்பதுதான் பஜாரின் வேலைக்கோலம். விடியற்காலை அடுப்பு பற்றவைப்பதிலிருந்து இரவு கடைசி மதுரை பஸ் போகும்வரை அப்படி நின்றவர்கள் தங்கள் கால்களை யாருக்கும் ஒளித்ததில்லை. பரோட்டா மாஸ்டரின் ஆடுசதையில் பச்சையும் நீலமுமாக நெளிந்து இறங்கும் நரம்புகள், டீ மாஸ்டரின் கரண்டைக்கு மேல் கறுத்துத் தடித்த தோல், சலூன்காரரின் உள்ளங்கரண்டையில் ஆண்டுக்கணக்கில் கழற்றாத கட்டுத்துணி, அதன் ஓரத்தில் கசியும் நீர். அன்று இவை எதுவும் எனக்கு நோயாகத் தெரிந்ததில்லை, தொழிலின் அடையாளமாகவே தெரிந்தன. ஊரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டது. கேட்டால் வயசாகிவிட்டது என்பார்கள், கெட்ட ரத்தம் காலில் இறங்கிவிட்டது என்பார்கள், நின்னு நின்னு நரம்பு சுருட்டிக்கிட்டது என்பார்கள். கடைசியாகச் சொன்னது ஏறக்குறையச் சரி. விந்தை என்னவென்றால், நின்றதால் வந்தது என்று சொன்ன அதே ஆட்கள் மருந்து போட்டது புண்ணுக்கு. நரம்பை யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அந்தக் கால்களின் நினைவையும் பிற்காலத்தில் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் எனக்கு ஒன்று உறுதிப்படுகிறது. ஆறாப்புண் என்று எங்கள் பக்கம் பெயர் வாங்கியவற்றில் பல ஆறக்கூடியவையே. வைத்தியம்தான் நோய் இருக்கும் இடத்துக்குக் கீழே நடந்துகொண்டிருந்தது.

கிணற்றில் மோட்டார் வைத்திருக்கும் சம்சாரிக்கு இதை ஒரு நிமிடத்தில் விளக்கிவிடலாம். குழாயின் அடியில் புட்வால்வு சரியாக இருந்தால் ஏறிய தண்ணீர் குழாயிலேயே நிற்கும். அது தேய்ந்து ஒழுகினால் மோட்டார் நின்றதும் ஏறிய தண்ணீர் கிணற்றுக்கே இறங்கிவிடும். காலிலிருந்து ரத்தம் ஏறும் கதையும் இதுதான். காலுக்கு இறங்கும் ரத்தத்தைத் தள்ளிவிட இதயம் இருக்கிறது. திரும்பி நெஞ்சுக்கு ஏறவேண்டிய நாலடி உயரத்துக்கு உடம்பு வைத்திருக்கும் மோட்டார் ஆடுசதை. நடக்கும்போது அது இறுகி, உள்ளே ஓடும் ஆழ்சிரைகளைப் பிழிந்து, ரத்தத்தை மேலே அனுப்புகிறது. அனுப்பியது கீழே விழாமல் பார்த்துக்கொள்வதற்காகச் சிரைகளுக்குள் மேல்நோக்கி மட்டுமே திறக்கும் மெல்லிய இதழ்கள் வரிசையாக இருக்கின்றன. இந்த இதழ்களை 1603இல் இத்தாலியின் பதுவாவில் பாப்ரிசியஸ் விவரித்து எழுதினார். அவை எதற்காக என்பதை அவர் மாணவர் வில்லியம் ஹார்வி 1628இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். கையில் ஒரு கட்டு, விரலால் ஓர் அழுத்து, அவ்வளவுதான் ஹார்வியின் சோதனை. ரத்தம் ஒரு பக்கமாகத்தான் போகும், திருப்பித் தள்ளினாலும் வராது என்று காட்டிவிட்டார். நானூறு ஆண்டுகளாக உலகம் அறிந்த செய்தி எங்கள் பஜாருக்கு வந்து சேரவில்லை என்று வருத்தப்படுவதில் பொருளில்லை. மோட்டார் மெக்கானிக்குக்குத் தெரிந்த அளவுகூடப் புண் கட்டுபவர்களுக்குத் தெரியாமல் போனதுதான் வருத்தம்.

எண்ணால் சொன்னால் இன்னும் தெளிவாகும். பி.பி. பார்க்கும் அதே பாதரசக் கணக்கில், அசையாமல் நிற்கும் மனிதனின் கரண்டைச் சிரையில் அழுத்தம் 80 முதல் 90 மில்லிமீட்டர் வரை இருக்கும். சில எட்டுகள் நடந்தால் போதும், அது 30க்குக் கீழே சரிந்துவிடும். இது நல்ல காலில். இதழ்கள் கெட்ட காலில் நடந்தாலும் அழுத்தம் இறங்குவதில்லை. பிழிந்து அனுப்பிய ரத்தம் அடுத்த நொடியே தோலுக்கடியில் ஓடும் மேல்சிரை வழியாகக் கீழே கொட்டுகிறது. பகல் முழுதும் அந்தச் சுமையைத் தாங்கும் மேல்சிரை நீண்டு, அகன்று, இடமில்லாமல் நெளிகிறது. அந்த நெளிவைத்தான் நாம் நரம்புச் சுருட்டு என்கிறோம். சிரையைவிட மெல்லிய நுண்குழாய்களிலிருந்து நீரும் சிவப்பணுக்களும் தோலுக்கடியில் கசிகின்றன. அணுக்கள் சிதைந்து, அவற்றிலிருந்த இரும்புச் சத்து தோலிலேயே தங்கிக் கறுக்கிறது. பிறகு அரிப்பு, சொறி, தோல் மரக்கட்டையாக இறுகுவது, கடைசியில் ஒரு கொசுக்கடியோ கருவேல முள்ளோ போதும், புண் திறந்துகொள்ள. சீமைக்கருவேலம் மண்டிய ஊரில் முள் குத்தாத கால் ஏது? எல்லோருக்கும் குத்திய முள் எல்லோரிடத்திலும் ஆறியது, இவர்களிடத்தில் மட்டும் ஆறவில்லை. முள்ளைக் குற்றம் சொன்ன ஊர் அந்த வித்தியாசத்தைக் கேட்டிருந்தால் பாதி வழி வந்திருக்கும்.

மருத்துவர்கள் இந்த நோய்க்கு 0 முதல் 6 வரை படி வைத்திருக்கிறார்கள். மெல்லிய சிலந்திவலைக் கோடுகள் 1, புடைத்த சிரை 2, மாலையில் வீங்கி இரவில் வடிவது 3, கறுத்துச் சொறிவது 4, ஆறிய தழும்பு 5, திறந்த புண் 6. எங்கள் ஊர்க் கால்களை இந்தப் படிகளில் வைத்துப் பார்த்தால், 2ஐயும் 3ஐயும் யாரும் நோய்க்கணக்கில் சேர்த்ததே இல்லை. 4க்கு வரும்போது தோல் வியாதி என்று களிம்பு. 6க்கு வந்தபிறகுதான் வைத்தியம். அந்த வைத்தியத்தின் முறையும் நினைவிருக்கிறது. மஞ்சளும் வேப்பெண்ணெயும் முதலில், பிறகு கேப்சூலைப் பிரித்துக் கொட்டிய பொடி, பிறகு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் புண் பவுடர், வாரம் ஓர் ஊசி. பவுடர் காய்ந்து பொருக்காகி, அடியில் சீழ் பிடிக்கும். இப்படிப்பட்ட பவுடர்களிலும் களிம்புகளிலும் நெடுங்காலம் கலந்து வந்த நியோமைசின் என்ற மருந்து, சிரைப்புண் உள்ளவர்களின் தோலுக்கு ஒவ்வாமல் போவது அடிக்கடி நடப்பது என்று தோல் மருத்துவம் சொல்கிறது. புண்ணைச் சுற்றிப் படர்ந்த கரப்பானை நோயின் உக்கிரமாக ஊர் நினைத்துக்கொண்டிருந்தது. சில கால்களிலாவது அது மருந்தின் உக்கிரமாக இருந்திருக்கும்.

ஆற்றுவதற்கு என்ன வழி என்பதில் மர்மம் எதுவும் இல்லை. கரண்டையில் இறுக்கமாகவும் மேலே போகப்போகத் தளர்வாகவும் கட்டும் அழுத்தக் கட்டு. ஜெர்மானியத் தோல் மருத்துவர் பால் உன்னா 1880களிலேயே துத்தநாகப் பசை தடவிய கட்டைக் காலுக்குச் சுற்றி இதைச் செய்துகாட்டினார். அழுத்தக் கட்டு மட்டுமே கட்டுவதா, கூடவே மேல்சிரைக்கு அறுவையும் செய்வதா என்று பிரிட்டனில் 500 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2004இல் வெளிவந்தது. எனக்கு அதன் முடிவில் பிடித்தது அதன் நேர்மை. இருபத்துநாலு வாரத்தில் ஆறிய புண்களின் விகிதம் இரு பிரிவிலும் ஒன்றுதான், ஏறக்குறைய 65 சதவீதம். ஆனால் ஆறிய புண் ஓராண்டுக்குள் மறுபடி திறந்தது, கட்டு மட்டும் கட்டியவர்களில் 28 சதவீதம், சிரையையும் கவனித்தவர்களில் 12 சதவீதம். 2018இல் வந்த இன்னொரு பிரிட்டன் ஆய்வு 450 பேரை எடுத்துக்கொண்டது. புண் ஆறட்டும், பிறகு சிரையைப் பார்க்கலாம் என்று காத்திருந்தவர்களுக்குப் புண் ஆற நடுவாந்திரமாக 82 நாள். புண் இருக்கும்போதே சிரையை லேசர் முதலியவற்றால் அடைத்தவர்களுக்கு 56 நாள். இரண்டிலும் எல்லோருக்கும் அழுத்தக் கட்டு உண்டு. ஆக, புண்ணை மூடுவது கட்டு, மூடியதைக் காப்பது மேலே செய்யும் சிகிச்சை. எங்கள் பஜாரில் இரண்டில் ஒன்றும் கிடையாது. துணி சுற்றப்பட்டிருந்தது, ஆனால் அது ஈ மொய்க்காமல் இருப்பதற்காக.

நிற்பதைக் குற்றவாளியாக்குவதற்கு மறுப்பு உண்டு. ஊரே நிற்கிறது, எல்லோருக்குமா வந்தது? அப்பனுக்கு இருந்தது, மகனுக்கு வந்தது, இது வழிவழியாக வருவது என்பார்கள். வம்சம் உண்மைதான். தாய்க்கும் தந்தைக்கும் இருந்தால் பிள்ளைக்கு வாய்ப்பு அதிகம் என்பதில் மருத்துவ உலகில் தகராறு இல்லை. ஆனால் எங்கள் பக்கம் வம்சத்தோடு தொழிலும் சேர்ந்தே இறங்குகிறது என்பதை மறந்துவிடக் கூடாது. அப்பன் நின்ற கல்லுக்கு முன்னால்தான் மகனும் நிற்கிறான். இரண்டையும் பிரித்துப் பார்க்கத்தான் ஆய்வு வேண்டும். டென்மார்க்கில் வேலை செய்யும் வயதினர் ஆயிரக்கணக்கானவர்களை 12 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்ததில், பெரும்பாலும் நின்று வேலை செய்யும் பெண்கள் இந்த நோய்க்காக மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு மற்றவர்களைப் போல ஏறக்குறைய 1.8 மடங்கு. வயது, உடல் எடை, புகை ஆகியவற்றைக் கழித்த பிறகும் அந்த வித்தியாசம் நின்றது. குளிர்தேசத்திலேயே இப்படி. சூட்டில் சிரை இன்னும் அகலும். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கடியில், தகிக்கும் பரோட்டாக் கல்லுக்கு முன்னால், சிமெண்டுத் தரையில் பத்து மணிநேரம் என்பது அந்த ஆய்வாளர்கள் கற்பனைகூடச் செய்திருக்க மாட்டாத ஒன்று.

நிற்பது என்று ஒரே சொல்லில் அடக்குவதும் தவறு. அருப்புக்கோட்டையின் பழைய நெசவாளி குழித்தறியில் உட்கார்ந்து, குழிக்குள் தொங்கும் கால்களால் மிதியை மாற்றி மாற்றி மிதித்தார். முதுகும் கண்ணும் போயின. ஆனால் ஒவ்வொரு மிதிக்கும் ஆடுசதை இறுகித் தளர்ந்தது. விசைத்தறி வந்தபின் மின்சாரம் மிதித்தது, ஆள் பக்கத்தில் நின்றார். நூற்பாலையில் ஸ்பின்னிங் பார்க்கும் பெண்கள் இழை அறுந்த இடம் தேடி இயந்திர வரிசைக்கு நடுவே நடந்துகொண்டே இருப்பார்கள். அலுப்பு அதிகம், சிரைக்கு அது அவ்வளவு கெடுதலில்லை. கிடை ஆட்டுக்காரர் நாளெல்லாம் காட்டில் அலைகிறார். அவர் காலில் வெடிப்பும் முள்ளும் பார்த்த நினைவிருக்கிறது, சுருட்டு பார்த்த நினைவு அரிது. மோசமானது அசையாமல் நிற்பது, ஓரடி சதுரத்துக்குள் நிற்பது. மாஸ்டர், சலூன்காரர், இஸ்திரி போடுபவர், போக்குவரத்துக் காவலர், மதுரை ஜவுளிக்கடைக்குக் காலை பஸ்ஸில் போய் இரவு பஸ்ஸில் திரும்பும் பெண்கள். நினைவை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதினால் அபாயம் என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். கைலி காட்டிய கால்களை நான் பார்த்தேன், சேலை மறைத்தவற்றை யார் பார்த்தார்கள்? எடின்பரோவில் 18 முதல் 64 வயதுவரை உள்ளவர்களைப் பரிசோதித்த ஆய்வு, பெருஞ்சிரைப் புடைப்பு ஆண்களில் 40 சதவீதத்துக்கும் பெண்களில் 32 சதவீதத்துக்கும் இருப்பதாகச் சொன்னது. பெண்களுக்கே அதிகம் என்று நம்பிய மருத்துவர்களுக்கு அது அதிர்ச்சி. எங்கள் பஜாரோ ஆண்களுக்கே வரும் என்று நம்பியது. கர்ப்ப காலத்தில் தோன்றி, பிள்ளைப்பேற்றுக்குப் பின் கொஞ்சம் வடிந்து, அடுத்த கர்ப்பத்தில் கூடும் சுருட்டைப் பற்றிக் கிணற்றடியில் பேசியிருப்பார்கள். டாக்டரிடம் சேலையை உயர்த்திக் காட்டியவர்கள் குறைவு.

சிகிச்சை என்றதும் எழும் முதல் பயம், நரம்பை எடுத்துவிட்டால் கால் சூம்பிவிடாதா என்பது. நியாயமான கேள்வி. காலிலிருந்து திரும்பும் ரத்தத்தில் பத்தில் ஒன்பது பங்கைச் சுமப்பது தசைகளுக்கு நடுவே ஓடும் ஆழ்சிரைகள். தோலுக்கடியில் கரண்டையிலிருந்து தொடை இடுக்குவரை போகும் நெடுஞ்சிரை மீதியைத்தான் சுமக்கிறது. அது கெட்டபிறகு சுமப்பதுமில்லை, ஏறியதைக் கீழே கொட்டுகிறது. இதயத்தில் பைபாஸ் செய்தவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்கள் காலில் நீளத் தழும்பைப் பார்த்திருப்போம். இதே சிரையைத்தான் காலிலிருந்து எடுத்து இதயத்தில் வைக்கிறார்கள், அந்தக் கால் சூம்பவில்லை. விதிவிலக்கு ஒன்று உண்டு. ஆழ்சிரையில் எப்போதோ ரத்தம் உறைந்து அடைத்திருந்தால் மேல்சிரைதான் மாற்றுப்பாதை, அதை மூடக்கூடாது. அதனால்தான் கையால் தடவிப் பார்த்து முடிவு செய்யாமல், ரத்தம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று காட்டும் டாப்ளர் ஸ்கேனை, நோயாளியை நிற்க வைத்து எடுக்க வேண்டும். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் அது சுருட்டு சமாச்சாரமே அல்ல, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய ரத்த உறைவாக இருக்கலாம்.

அடுத்த பயம் வலி. ரோமானியத் தளபதி மாரியஸ் ஒரு காலின் சுருட்டைக் கட்டிப்போடாமலே அறுத்துக்கொண்டு, மறுகாலை நீட்ட மறுத்துவிட்டதாகப் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். தொடை இடுக்கில் கீறி, சிரையை முடிச்சுப் போட்டு, கம்பி நுழைத்து உருவி எடுக்கும் அறுவை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவானது. அரசு மருத்துவமனைகளில் இன்றும் நடப்பது, பலன் தருவது. ஆனால் முதுகில் ஊசி போட்டு, சில நாள் படுத்து எழ வேண்டும். இப்போது முழங்கால் அருகே ஓர் ஊசித்துளை வழியாக மெல்லிய இழையைச் சிரைக்குள் செலுத்தி, சுற்றிலும் மரப்பு மருந்தை நிரப்பி, லேசராலோ ரேடியோ அலையாலோ உள்ளிருந்தே சுட்டு மூடுகிறார்கள். அன்றே நடந்து வீட்டுக்குப் போகலாம். சிறு சிரைகளுக்கு நுரையாக்கிய மருந்தை ஊசியால் செலுத்துவதும் உண்டு, செலவு குறைவு. பிரிட்டனின் அரசு வழிகாட்டி 2013இலேயே சூட்டால் மூடுவதை முதலிடத்திலும், நுரையை இரண்டாவதாகவும், கத்தியைக் கடைசியிலும் வைத்துவிட்டது.

பண்ணினாலும் திரும்ப வந்துவிடும் என்று சொல்லாத ஊரில்லை. இதில் உண்மை இருக்கிறது என்பதை ஒப்புக்கொண்டுதான் மேலே போக முடியும். எந்த முறையில் செய்தாலும் ஐந்தாண்டுக்குள் மூன்றில் ஒருவருக்கோ அதற்கு மேலோ எங்காவது மறுபடி புடைப்பு தெரிவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஒரு சிரையை மூடினாலும் அதைக் கெடுத்த வம்சமும் வேலையும் உடம்போடுதான் இருக்கின்றன. ஆனால் திரும்பி வருவது பெரும்பாலும் இரண்டாம் படிக்கு, ஆறாம் படிக்கு அல்ல. புடைப்பு திரும்பினால் இன்னொரு ஊசி, புண் திரும்பினால் இன்னொரு வருடம். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவரிடம், திரும்ப ஏறத்தானே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. காலுக்கு மட்டும் ஒரே தடவையில் தீரவேண்டும் என்று எதிர்பார்ப்பது, இதை நீடித்த நோயாகவே நாம் இன்னும் எண்ணவில்லை என்பதன் விளைவு.

அழுத்தக் காலுறை விஷயத்தில் எனக்கு மருத்துவர்களைவிட ஊர்க்காரர்கள் பக்கம்தான் சாய்வு. தொடைவரை இறுகும் தடித்த உறையை எழுதிக் கொடுத்துவிட்டு, போடவில்லை என்று கோபித்துக்கொள்வதில் அர்த்தமில்லை. குண்டாறே மணலாய்க் கிடக்கும் கோடையில் அதை மாட்டிக்கொண்டு களை வெட்ட முடியுமா? ஆனாலும் வழி முழுக்க அடைபடவில்லை. பெரும்பாலோருக்கு முழங்காலுக்குக் கீழ்வரை உறை போதும். படுக்கையிலிருந்து காலைத் தரையில் வைப்பதற்கு முன் மாட்டினால்தான் பலன், வீங்கியபின் மாட்டுவது ஏறவும் ஏறாது. முழுநாள் தாங்காதவர் நிற்கும் நேரத்துக்காவது மாட்டட்டும், லேசான அழுத்தமும் ஒன்றுமில்லாததைவிட மேல். சிரையை மூடிக்கொண்டவருக்கு உறையின் தேவையே குறைகிறது என்பதால் வெக்கை என்பது சிகிச்சைக்கு எதிரான வாதமாகாது, சீக்கிரம் செய்துகொள்வதற்கான வாதம். கட்டாயம் கவனிக்க வேண்டியது சர்க்கரையும் புகையும் உள்ளவர்களை. அவர்களுக்குக் காலுக்கு இறங்கும் தமனியே சுருங்கியிருக்கலாம். கரண்டையில் எடுத்த ரத்த அழுத்தம் கையில் எடுத்ததைவிட மிகவும் குறைவாக, பத்துக்கு எட்டு பங்குகூட இல்லாமல் இருந்தால் இறுக்கிக் கட்டுவது காலுக்கே ஆபத்து. பாதத்தின் அடியிலோ விரல் நுனியிலோ வரும் புண்ணுக்கும் கரண்டையின் உள்பக்கம் வரும் புண்ணுக்கும் வேறு வேறு காரணம், வேறு வேறு வைத்தியம். இரண்டையும் ஒரே பவுடரால் ஆற்றப் பார்த்தது எங்கள் பக்கத்தின் நெடுநாள் பழக்கம்.

காசு இல்லாதவன் எங்கே போவான் என்பது எல்லா மறுப்புகளையும்விடக் கனமானது. தனியார் மருத்துவமனையில் லேசர் என்றால் ஒரு மாஸ்டரின் பல மாதச் சம்பளம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மதுரைப் பெரியாஸ்பத்திரி ஏறக்குறைய முப்பது கிலோமீட்டரில் இருக்கிறது. விருதுநகரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது. அறுவைக்கு அங்கே காசு இல்லை. இடிப்பது கூலி. தினக்கூலிக்காரர் பத்து நாள் படுத்தால் கடையில் அவர் இடத்தில் வேறொருவர் நிற்பார். ஆகவே நிற்கமுடிந்தவரை நின்றார்கள். இது அறியாமை என்று சொல்லிவிடுவது சுலபம், எனக்கு அதில் உடன்பாடில்லை. கையிலிருக்கும் கூலியையும் வரப்போகும் புண்ணையும் எடைபோட்டுப் பார்த்தே முடிவெடுத்தார்கள். எடைக்கல்லில்தான் கோளாறு. ஒரு புண் ஆண்டுக்கணக்கில் தின்னும் பஞ்சு, ஊசி, லீவு, கடைசியில் நிற்கவே முடியாமல் விட்டுவிடும் வேலை, இவற்றை யாரும் அவர்களுக்குக் கூட்டிச் சொல்லவில்லை. முன்போல் படுக்கவும் தேவையில்லாத சிகிச்சை வந்திருக்கிறது என்பதும் தெரியவில்லை. செலவே இல்லாதவையும் இருக்கின்றன. கயிற்றுக் கட்டிலின் கால்மாட்டில் இரண்டு செங்கல் வைத்து, கால் நெஞ்சைவிட உயர இருக்கும்படி படுப்பது, நின்ற இடத்திலேயே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குவது. பின்னதை மாவு பிசைந்துகொண்டே செய்யலாம், முதலாளிக்கு ஆட்சேபம் இருக்காது.

சுருட்டு வெடித்து ரத்தம் பீறிடுவதைப் பற்றியும் சொல்லாமல் போக முடியாது. தோல் மெலிந்த கரண்டையில் குளிக்கும்போதோ சொறியும்போதோ இது நடக்கும். பார்த்தவர்கள் பதறி நாற்காலியில் உட்காரவைத்து, காப்பித்தூளை அப்பி, முழங்காலுக்குக் கீழே கயிறு போட்டு இறுக்குவார்கள். மூன்றும் தவறு. உட்கார்ந்தால் அழுத்தம் கூடும், மேலே கயிறு போட்டால் திரும்பும் வழி அடைபட்டு இன்னும் பீறிடும். படுக்கவைத்து, காலை நெஞ்சுக்கு மேல் தூக்கிப் பிடித்து, சுத்தமான துணியால் அந்த இடத்தையே அழுத்தினால் பெரும்பாலும் சில நிமிடத்தில் நின்றுவிடும். இவ்வளவு எளிதாக நிற்கக்கூடிய ரத்தத்தில் உயிர் போனவர்கள் உலகெங்கும் உண்டு.

நோய் வந்தபின் செய்வதையே பேசிக்கொண்டிருக்கிறேன். வராமல் செய்ய வேண்டியது ஒரு நாற்காலி. ஆலைகளில் நின்று வேலை செய்பவர்களுக்கு வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார ஏற்பாடு வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே 44ஆம் பிரிவில் சொன்னது. கடைகளுக்கு அது வர எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவின் கடைப்பெண்களைத் திரட்டிய விஜியும் அவருடைய 'பெண்கூட்டு' அமைப்பும் போராடியதன் பலனாகக் கேரளம் 2018இல் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாட்டில் 2021 செப்டம்பர் 6 அன்று தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி. கணேசன் சட்டமன்றத்தில் மசோதாவைக் கொண்டுவந்தார். கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவு சேர்ந்தது. நாளெல்லாம் நிற்பதால் உடல்நலக் கேடுகள் வருகின்றன என்று மசோதாவின் நோக்க உரையே ஒப்புக்கொண்டது. ஆட்கள் உட்கார்ந்தால் சோம்பேறி ஆகிவிடுவார்கள், வாடிக்கையாளருக்கு மரியாதைக் குறைவு என்ற கடைக்காரர் வாதத்துக்குச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. வேலைக்கு நடுவே கிடைக்கும் இடைவெளியில் உட்காரத்தான் அது கேட்கிறது, வேலையை நிறுத்தச் சொல்லவில்லை. உட்காருவது முழுத்தீர்வு அல்ல என்பதும் சரிதான். உட்கார்ந்தே கிடந்தாலும் கரண்டையின் சுமை பாதிதான் குறையும். எழுவதும் உட்காருவதும் நாலு எட்டு நடப்பதும் மாறிமாறி வேண்டும். நாற்காலி இருந்தால் அது நடக்க வாய்ப்புண்டு, இல்லாவிட்டால் இல்லை. பஜாரின் சிறிய கடைகளில், நாலடிக்கு நாலடி டீக்கடையில், நாற்காலி போட இடம் எங்கே என்று கேட்பார்கள். சுவரில் மடக்கிவைக்கும் பலகைக்கு ஓரடி இடம் போதும்.

இன்னொரு வேலையும் இருக்கிறது, அதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. 2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், பி.பி. கருவியும் சர்க்கரை மாத்திரையுமாகப் பெண் சுகாதாரத் தன்னார்வலர் காரியாபட்டியைச் சுற்றிய கிராமங்களிலும் வாசல்வரை வருகிறார். பி.பி. பார்க்க உட்காரவைத்தவரை முடித்தபின் ஒரு நிமிடம் எழுந்து நிற்கச் சொல்லி, முழங்காலுக்குக் கீழே பார்க்கலாம். சுருட்டு தெரிகிறதா, மாலையில் வீங்குகிறதா, கரண்டை கறுத்திருக்கிறதா என்ற மூன்று கேள்விக்கு ஸ்கேன் வேண்டாம். சேலையை உயர்த்தத் தயங்கும் பெண்களும் இன்னொரு பெண்ணிடம், சொந்த வீட்டுக்குள், தயங்க மாட்டார்கள். ஏற்கெனவே குறைந்த ஊக்கத்தொகைக்கு ஏகப்பட்ட பதிவேடுகளை நிரப்பும் அவர்கள் தலையில் இதையும் ஏற்றுவதா என்று கேட்டால், ஏற்றலாம், தொகையையும் ஏற்றிவிட்டு. நாலாம் படியில் பிடிபட்ட ஒவ்வொரு காலும், ஆறாம் படியில் துணைச் சுகாதார நிலையத்துக்கு வாரம் இருமுறை கட்டுப் போட வரப்போகும் கால்தான்.